அவை சமாதானக் கொடிகள் அல்ல, என் மகளின் லங்கோட்டுகள்

தாராவி, மும்பை
வியாழக்கிழமை, மழை சற்று விட்ட நேரம்

'அரபிக்கடல் முரசு' மாலைப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவியில் பள்ளிக்கூடப் பை தைத்துப் பிழைக்கும் சொரிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த மழைக்காலத்தில் தங்களுக்கும், தங்கள் அச்சகத்தாருக்கும், சைக்கிளில் வந்து பேப்பரை எங்கள் வீட்டுக்குள் எறியாமல் சாக்கடைக்குள் எறியும் தம்பிக்கும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் என் மனைவி பிரேமலதாவும் நலம். ஐந்து மாதக் கைக்குழந்தை இசக்கிப்ரியாவும் இப்போது நலம். 'இப்போது' என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம்தான் இந்தக் கடிதம்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில் எங்கள் சந்து பற்றிக் கால் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். 'பதினோரு மாதப் பகை முடிந்தது! வெள்ளைக் கொடி கட்டிச் சமாதானம்!' என்று தலைப்பு. கீழே படம். படத்தில் மாட்டுங்கா ஒற்றுமை மன்றத் தலைவர் திரு. பஞ்சாபகேசன் அவர்கள் எலெக்ட்ரிக் கடை நாகராஜ் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்துகிறார். பின்னால் மாடி ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டு தெரிபவன் நான். ஐயா, அவை கொடிகள் அல்ல. டயப்பருக்குப் பதில் என் மகளுக்குக் கட்டும் துணி லங்கோட்டுகள். அது பொன்னாடையும் அல்ல. அதுவும் லங்கோட்தான். சமாதானம் செய்துவைத்தவர் பஞ்சாபகேசன் சாரும் அல்ல, அது இசக்கிப்ரியா. அவள் பெயர் அந்தக் கால் பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை. பெற்ற தகப்பனுக்கு வயிறு எரியுமா எரியாதா என்று தாங்களே சொல்லுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிரேமலதா சயானில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். பேறுகால லீவு முடிந்து அவள் டியூட்டிக்குத் திரும்பியபோது குழந்தையை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்குக் கீழே வீடு, மேலே தையல் அறை. எங்கும் போக வேண்டியதில்லை. டயப்பர் இருக்கிறதே, மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் தைரியமாகத்தான் இருந்தேன். பத்து நாளில் குழந்தையின் தொடையிடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று தடித்துப்போனது. தொட்டால் வீரிட்டு அழுதாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு டயப்பர் வேண்டாம், துணி கட்டுங்கள், காற்றுப் படட்டும் என்றார். ஒன்றை மாட்டிவிட்டு நாலு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்திருந்தவன் நான். குற்றம் என்னுடையதுதான். அதை அந்த அம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"இன்னும் பதினஞ்சு நாளு பாப்பேன். புண்ணு ஆறலேன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு, புள்ளையத் தூக்கிட்டு நாங்குநேரிக்கு ரயிலேறிருவேன். நீங்க இங்கன பையக் கெட்டிக்கிட்டு அழுங்க."

பிரேமலதா சொன்னால் செய்கிறவள். அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பழைய வேட்டிகளை எல்லாம் எடுத்து வெட்டினேன். வெட்டுகிற வேகத்தில் கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகைக் கரை பருத்தி வேட்டியும் அதில் போய்விட்டது. மொத்தம் முப்பத்திரண்டு துண்டு. வெட்டியதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் பதினெட்டு வருடமாகப் பை தைப்பவன். துணியைக் கையில் எடுத்தால் கை அதன் பழக்கத்தில்தான் போகும். சாயங்காலம் பிரேமலதா டியூட்டி முடிந்து வந்தபோது என் முதல் லங்கோட் தயாராக இருந்தது. முன்பக்கம் ஜிப். இரண்டு பக்கமும் தூக்குவதற்குப் பட்டை வைத்த கைப்பிடி. பின்னால் வலை போட்ட பாக்கெட். குழந்தையையும் அதற்குள் மாட்டிவைத்திருந்தேன். ஒரு கையால் தூக்கினால் அப்படியே வந்தாள், சிரித்துக்கொண்டு.

"என்னத்தத் தச்சி வச்சிருக்கிய? இது புள்ளையா, டிபன் பையா?"

"கைப்பிடி வசதிம்மா. அவசரத்துக்குத் தூக்கலாம்லா."

"இந்தப் பாக்கெட் எதுக்கு?"

"பால் பாட்டில் வைக்க."

"இடுப்புல பாட்டிலச் சொருகிக்கிட்டு இவ எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போறா? அவுருங்க முதல்ல!"

பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா அக்காதான் காப்பாற்றினார். நாலு பிள்ளை வளர்த்தவர். ஜிப்பைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, "தம்பி, இது துணி. குறுக்க மடிச்சா மூணு மூல. மடி, சுத்து, முடி. அம்புட்டுத்தான். இஞ்சினியர் வேலையெல்லாம் வேண்டாம்" என்று மடித்துக் காட்டினார். குழந்தை மேல் பழகப் பயந்து, தண்ணீர்க் கேனுக்குக் கட்டிப் பழகினேன். மூன்று நாள் அந்த இருபது லிட்டர் கேன் எங்கள் வீட்டு மூலையில் லங்கோட்டோடு உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் காலி கேன் எடுக்க வந்தவர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், துணியோடு. முப்பத்திரண்டு முப்பத்தொன்று ஆனது அப்படித்தான்.

துவைப்பதைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை பத்திரிகைக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் சந்தில் தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும், எட்டுக்கு நிற்கும். அதற்குள் நேற்றைய பதினாலு துணியையும் துவைத்து அலசிவிட வேண்டும். இசக்கிப்ரியாவுக்கு இந்த நேரக் கணக்கு தெரியும் என்றே நினைக்கிறேன். தண்ணீர் நின்று குழாய் 'புஸ்' என்று காற்று விட்டதும்தான் அவள் பெரிய காரியத்தைத் தொடங்குவாள். ஆனால் புண் ஆறிவந்தது ஐயா. சிவப்பு இளஞ்சிவப்பாகி, தடிப்பு இறங்கி, ஒரு வாரத்தில் குழந்தை காலை உதைத்து விளையாடத் தொடங்கினாள். நானும் கர்வத்தோடு இருந்தேன். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள். சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்படி ஒன்பது நாள்.

துணி காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தேன். தையல் அறை முழுக்க ஆவி எழும்பி இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்ததுபோல் ஆனது. வாசனை மட்டும் இட்லி வாசனை இல்லை. பிறகு ஒரு யோசனை தோன்றி, சீலிங் ஃபேனின் மூன்று இறக்கையிலும் ஆளுக்கொன்றாகக் கட்டி ஓடவிட்டேன். ஒன்றாம் ஸ்பீடில் ஓடியபோது நன்றாகத்தான் சுற்றின. நாலில் வைத்த நேரம் பார்த்து, பை மொத்தமாக எடுக்கும் ஜஹாங்கீர் சேட் புதுப் பை சாம்பிள் பார்ப்பதற்காகப் படியேறி வந்தார். ஒரு துணி அவிழ்ந்து பறந்து நேராக அவர் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிரித்து, விரித்து, முகர்ந்து பார்த்து, "யே க்யா ஹை, சொரிமுத்து?" என்றார். எனக்கு வந்த பதற்றத்தில், "நயா டிசைன், சேட்" என்று சொல்லிவிட்டேன். சேட் அந்தப் புது டிசைனை மிஷின் மேல் மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது.

ஈரம் உலராத துணியைக் கட்டியதில் குழந்தைக்கு மறுபடி சிவக்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பிரேமலதாவுக்கு டியூட்டி. கிளம்பும்போது வாசலில் நின்று சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை.

"ஈரத்துணியால புண்ணு திரும்பவும் வருது. பாத்தியளா? இன்னைக்கு இந்தத் துணி காயலேன்னா நாளைக்கு ரயிலுக்கு டிக்கெட் போடுதேன்."

அவள் போனாள். நான் குழந்தையைப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்துக் கட்டை விரலைச் சப்பியது. பதினோரு மணிக்கு, ஐயா, வெயில் வந்தது!

இந்த இடத்தில் எங்கள் சந்து பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கத்துச் சுவரும் தொடும் அகலம். நாங்கள் மேற்கு வரிசை, எதிரே கிழக்கு வரிசை, நடுவில் சாக்கடை. போன வருட மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. எதிர்வீட்டு நாகராஜ் அண்ணாச்சி வாசற்படியில் ஒரு வரிசைச் செங்கல் வைத்து உயர்த்தினார். தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் இரண்டு வரிசை வைத்தோம். அவர்கள் மூன்று வைத்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஐந்து வரிசையில் போய் நின்றது. வீட்டுக்குள் ஏற ஸ்டூல் வேண்டும் என்கிற நிலைமை. நஜ்முன்னிசா அக்கா மார்க்கெட்டுக்குப் போனால் திரும்பி வந்து, "யாராவது கை குடுங்களேன்" என்று கீழே நின்று கூப்பிடுவார். சாக்கடையை மட்டும் இரண்டு பக்கமும் யாரும் தொடவில்லை. தொட்டால் தோற்றதாகிவிடும். பேச்சுவார்த்தை நின்று பதினோரு மாதம். என் தையல் அறைக்கு ஒயரிங் போட்டு, மோட்டார் மாட்டித் தந்து, "நல்லா வருவே வே" என்று வாழ்த்தியவர் அண்ணாச்சி. அவர் தும்மினால் எங்கள் வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் ஒருநாள்கூடக் குழந்தையை வந்து பார்க்கவில்லை. நானும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

எங்கள் சந்துக்குள் வெயில் பகலில் பதினொன்றேமுக்காலிலிருந்து பன்னிரண்டரை வரைதான் இறங்கும். அதுவும் நடுச்சந்துக்கு மேலே, கிழக்கு வரிசை மாடி ஓரமாக. என் ஜன்னலில் நீட்டினால் கிடைக்காது. எதிர்ப்பக்கம் கட்டினால்தான் உண்டு. நான் யோசிக்கவில்லை. பை வார் தைக்கும் நைலான் நாடா ஒரு சுருள் இருந்தது. ஒரு முனையை என் ஜன்னலில் கட்டி, மறுமுனையில் கொக்கி மாட்டி, ஒட்டடைக் கம்பால் நீட்டி நாகராஜ் அண்ணாச்சி வீட்டு மாடி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். கேட்காமல் செய்தது தப்புதான். போக வர நான்கு கோடு. முப்பத்தொரு துணியையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். குழந்தைக்குக் கட்ட ஒன்றுகூட மிச்சமில்லை. அவளைக் கேன்வாஸ் துணிக் குவியலில் வெறும் உடம்போடு கிடத்திவிட்டு, வெயிலில் துணிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான காட்சியைப் பார்த்ததில்லை.

அன்று பன்னிரண்டு மணிக்குப் பஞ்சாபகேசன் சார் செங்கல் தகராறைப் பேசித் தீர்க்க வருகிறார் என்பது எனக்கும் தெரியும். வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். கீழே சத்தம் கேட்டுக் குனிந்தால் இரண்டு வரிசைக்காரர்களும் ஆளுக்கொரு மனுவோடு அவரவர் ஸ்டூல் மேல் நிற்கிறார்கள். நடுவில் வெள்ளை ஜிப்பாவில் பஞ்சாபகேசன் சார். பக்கத்தில் கேமராவோடு தங்கள் நிருபர். சாரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பேஷ்! பேஷ்!" என்றார் பஞ்சாபகேசன் சார். "நான் வர்றதுக்கு முன்னாடியே வெள்ளைக் கொடியா? அதுவும் இந்த ஆத்துலேர்ந்து அந்த ஆத்துக்கு? எழுதிக்கோங்கோ சார், எழுதிக்கோங்கோ! இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?"

நாகராஜ் அண்ணாச்சி ஸ்டூலை விட்டு இறங்கினார். தன் ஜன்னலில் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தார். "எவம்வே கெட்டுனது?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி. அது வந்து, லங்…"

"பேசாத வே." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு மாசமா நானே ஒருக்க வரணும்னுதான் இருந்தேன். வாசல் வரைக்கும் வருவேன், அந்தச் செங்கல்லப் பாத்ததும் திரும்பிருவேன். எங்க வீட்டுச் சன்னல்லயே வந்து கெட்டியிருக்கியே வே. எனக்கு அந்த மனசு வரலயே."

ஐயா, கண்ணில் தண்ணீரோடு நிற்கிற மனிதரிடம், அது என் மகள் மூத்திரத் துணி என்று தாங்களாக இருந்தால் சொல்வீர்களா? என் வாய் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது. தங்கள் படத்திலும் அது அப்படியேதான் திறந்திருக்கிறது.

பஞ்சாபகேசன் சார் பையைத் துழாவினார். "அடடா, பொன்னாடையை டாக்ஸியிலயே வெச்சுட்டேனே" என்றார். ஈரத்தின் கனத்தில் நாடா தாழ்ந்து தொங்கியது. அதில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில், மற்ற முப்பதையும் விட்டுவிட்டு, ஜரிகைக் கரை போட்டது ஒன்று பளபளத்தது. அவர் கை மேலே போனது.

"அது வேண்டாம் சார்! அது மட்டும் வேண்டாம் சார்!" என்று கத்தினேன்.

"தன்னடக்கம்" என்று நிருபரிடம் சொல்லிவிட்டு, கிளிப்பை எடுத்து, உதறி, நாகராஜ் அண்ணாச்சி தோளில் போர்த்தினார். "கொஞ்சம் ஈரமா இருக்கே?"

"மழை சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அண்ணாச்சி அதன் ஓரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல சோப்பில் துவைத்தேன் என்பதை மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

குழந்தையைத் தனியே விட முடியாதே என்று தூக்கிக்கொண்டு இறங்கினேன். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். "ஏட்டி, வா. நாந்தான் ஒம் பெரியப்பன். அஞ்சு மாசமா நீ அழுகுத சத்தம்தான் கேட்டிருக்கேன்" என்று வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இசக்கிப்ரியா அவர் மூக்கைப் பிடித்தாள். அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலும். லங்கோட் இல்லாத குழந்தை சந்தோஷப்பட்டால் என்ன ஆகுமோ அது ஆனது. அண்ணாச்சியின் புதுச் சட்டை நெஞ்சிலிருந்து பெல்ட் வரை நனைந்துவிட்டது. நான் பதறி, தோளில் கிடந்த அந்தத் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அண்ணாச்சி என் கையைத் தட்டிவிட்டார்.

"கூறு கெட்டவனே! பொன்னாடையில போயி மூத்திரத்தத் தொடைப்பாவளா?"

சட்டை நுனியாலேயே துடைத்துக்கொண்டார்.

அன்று மதியமே இரண்டு பக்கமும் கடப்பாரை எடுத்துச் செங்கலை இடித்தார்கள். சேர்ந்து சாக்கடையைத் தோண்டினார்கள். ஒரு குக்கர் மூடியும் ஜோடி இல்லாத ஐந்து செருப்பும் வெளியே வந்தன. இந்த வாரம் பெய்த மழையில் யார் வீட்டுக்குள்ளும் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த பிரேமலதா, வாசலில் செங்கலும் ஸ்டூலும் இல்லாததைப் பார்த்துத் திகைத்து நின்றாள். விஷயத்தைச் சொன்னபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாளோ என்று பயந்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். கொடியை அவிழ்க்கக் கூடாது, விநாயகர் சதுர்த்தி வரை பறக்கட்டும் என்று இரண்டு வரிசையும் தீர்மானம் போட்டுவிட்டது. குழந்தைக்குத் துணி வேண்டுமே? எனவே தினமும் காலையில் காய்ந்ததை எடுத்துக்கொண்டு துவைத்ததை மாட்டுகிறேன். கிழக்கு வரிசைப் பெண்கள் அதைப் பார்த்து, "தெனமும் கொடிய அவுத்து, தொவச்சுல்லா மாட்டுதாவ! என்ன ஒரு மரியாத!" என்கிறார்கள். அண்ணாச்சி தன் ஜன்னலில் நிரந்தரமாக நாலு கொக்கி அடித்துத் தந்துவிட்டார். மழை தூறினால் அவரே ஓடிவந்து எடுத்து உள்ளே காயப்போட்டு ஃபேனும் போடுகிறார். முப்பது துணியும் மொறுமொறுவென்று காய்கின்றன. இசக்கிப்ரியாவுக்குப் புண் சுத்தமாக ஆறிவிட்டது. நாங்குநேரி டிக்கெட் பேச்சும் நின்றுவிட்டது.

இப்படியிருக்க, செய்தியில் பஞ்சாபகேசன் சார் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. அவர் நல்ல மனிதர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சொட்டு அவர் தலையில் விழுந்ததைத் தவிர அவர் செய்ததென்ன? ஆகவே, உண்மையை உள்ளபடி வெளியிட்டு, 'சந்துக்காரர்களைச் சேர்த்துவைத்தவர் ஐந்து மாதக் குழந்தை எஸ். இசக்கிப்ரியா' என்று தனித் தலைப்பில், முடிந்தால் படத்தோடு, அச்சிடும்படி மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை மேன்மேலும் விற்கவும், தங்கள் வீட்டில் துவைத்த துணியெல்லாம் அன்றன்றே காயவும் இசக்கியம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாள்பட்ட வாசகன்,
ம. சொரிமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் பிரேமலதாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது பேப்பர்ல வந்தா நாகராஜ் அண்ணாச்சி மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாவ? அவுக அந்தத் துணிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில மாட்டியிருக்காவ. காலையில ஊதுபத்தி காட்டுதாவ. நீங்க என்னத்த எழுதி வச்சிருக்கிய?" என்று கேட்டாள். ஊதுபத்தி விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. ஆகவே ஐயா, மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். அவை கொடிகள்தான். அது பொன்னாடைதான். சமாதானம் செய்தவர் பஞ்சாபகேசன் சார்தான். இசக்கிப்ரியா என்று எனக்கு ஒரு மகள் இருப்பதையே தாங்கள் மறந்துவிடலாம். ஆனால் செய்தியின் கடைசிப் பத்தியில் தங்கள் நிருபர் 'சற்றே அழுக்கடைந்த வெள்ளைக் கொடிகள்' என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீரில் அலசியவன் நான். 'அழுக்கடைந்த' என்பதைப் 'பளிச்சென்ற' என்று திருத்தி வாசிக்கவும் என்று நாளைக்கே ஒரு வரி போட்டுவிடுங்கள். காரணம் எதுவும் எழுத வேண்டாம்.